பாட்டில்லாத புத்தகம் கேட்டவனுக்கு

சென்னையிலிருந்து வந்த புத்தகக் கட்டை இன்று காலை பிரித்தேன். மழைக்குப் பயந்து மெழுகுச்சீலையில் சுற்றித்தான் அனுப்புவார்கள், உனக்குத் தெரியாததா. வழியில் வெயில் பட்டுச் சீலை இளகியிருந்தது. கத்தியை வைத்ததும் வாசனை கடை முழுக்க எழும்பியது. நீ பதுளைக்கு வந்து இறங்கும்போது உன் சட்டையிலும் பெட்டியிலும் வேட்டி மடிப்பிலும் அடித்த அதே மெழுகு வாசனை. கத்தியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாக்கு வாங்க வந்தவர், "என்ன மொதலாளி, கையக் கிழிச்சிக்கிட்டீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிப் பாக்கை நிறுத்துக் கொடுத்தேன்.

ரயில் இப்போது பதுளைக்கே வந்துவிட்டது. உன் காலத்தில் பண்டாரவளையில் இறங்கி, மாட்டு வண்டியில் இடுப்பு ஒடிய வந்து, கடை வாசலில் நின்றபடியே திட்ட ஆரம்பிப்பாய். முதலில் ரோட்டை, அப்புறம் மாட்டை, கடைசியில் என்னை. "மனுசன் கடை போடுற எடமாடா இது, மாப்ள?" இப்போது வந்தால் உனக்குத் திட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நீ இல்லாத நேரம் பார்த்து அந்த ரயில் வந்தது போல எனக்கு ஒரு எரிச்சல். ஸ்டேஷன் பக்கமே நான் போவதில்லை.

ஒரே ஊர்க்காரர்கள் நாம். ஒரே கப்பலில்தான் கடல் தாண்டினோம். நான் மலையேறி, இந்தக் கடைத்தெருவில் பலசரக்கும் பாட்டுப் புத்தகமும் விற்க உட்கார்ந்தேன். நீ கொழும்பிலேயே நின்று, கிராமபோன் தட்டுக்குப் பாட்டுப் பிடிக்கிற வெள்ளைக்கார துரையிடம் சேர்ந்தாய். ஜன்னலெல்லாம் சாத்திக் கம்பளி தொங்கவிட்ட அறை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய குழாய். பாடுகிறவர் அதன் வாய்க்கு நேராக நின்று பாடவேண்டும். அந்தப் பக்கம் மெழுகுத் தட்டு சுற்ற, ஊசி அதில் கீறிக்கொண்டே போகும். உன் வேலை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பது. குரல் தணிந்தால் தோளைப் பிடித்து முன்னால் தள்ள வேண்டும். உச்சிக்கு ஏறினால் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்கத் தவறினால் ஊசி துள்ளித் தட்டு பாழ், மறுபடியும் முதலிலிருந்து. எப்பேர்ப்பட்ட வித்துவானும் உன் கைக்கு அடங்கினவர்தான் என்று பீற்றிக்கொள்வாய்.

துரை தட்டுகளைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியதும் உங்களுக்கு விடுமுறை. நீ நேரே என்னிடம்தான் வருவாய், படிக்கப் புத்தகம் கேட்டு. உனக்கு மட்டுமா? மெழுகுத் தட்டைச் சூடு பண்ணும் பெரியவருக்கும், ஆர்மோனியக்காரருக்கும் சேர்த்து. நாள் முழுக்க அடுப்பலமாரிக்குப் பக்கத்தில் வேகிற பெரியவருக்கு மழையும் குளிருமாக இருக்கிற கதை வேண்டும். ஒரே பாட்டைத் தட்டு சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்த ஆர்மோனியக்காரர், துப்பறியும் கதை கேட்பார். "ஒரு வாட்டி செத்தவன் மறுபடி எந்திரிச்சு வரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேணும்" என்பாய். அவர்களுக்குப் பொறுக்கிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. உனக்குத்தான் பாடுபட வேண்டும்.

"எனக்குப் பாட்டில்லாத புத்தகம் குடு மாப்ள. சத்தமே இருக்கக்கூடாது."

பாட்டில்லாத புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? நாவல் எழுதுகிறவர்கள்கூடப் பக்கத்துக்குப் பக்கம் ஒரு விருத்தத்தைச் செருகாமல் விட்டார்களா? கதாநாயகி அழுதால் விருத்தம், சிரித்தால் கண்ணி. அதைக் கண்டதும் உன் காதுக்குள் ராகம் கிளம்பிவிடும், தூக்கம் போய்விடும். அதனால் நான் என்ன செய்வேன்? நீ வருகிறாய் என்று தெரிந்ததும் நாலு நாவலை எடுத்து வைத்து, பாட்டு வருகிற பக்கங்களையெல்லாம் சேர்த்துக் குண்டூசி குத்தி மூடிவிடுவேன். அந்த ஊசி குத்திய புத்தகங்கள் இந்தக் கடையில் உனக்கென்றே ஒரு அலமாரித் தட்டில் இருந்தன. வேறு யாராவது தொட்டால் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் உனக்கு ஆகாது. தேயிலைத் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்கு விடும் பெரட்டு இல்லாத நாள், ஆள் கூட்டம் டவுனுக்கு இறங்கும். பாட்டுப் புத்தகத்தை வாயைத் திறந்து பாடிக் காட்டாமல் ஒரு பிரதி விற்க முடியுமா? நான் வாசலில் நின்று சிந்து ஒன்றை எடுத்துவிட்டேன். முதல் வருஷம் நடந்தது அது. நீ எனக்குப் பின்னால் சாக்கு மூட்டையில் உட்கார்ந்து ஊசி குத்திய நாவலைப் படித்துக்கொண்டிருந்தாய். நான் அம்மன் பேரை உச்சியில் வைத்து இழுக்கும் நேரம், யாரோ என் தோளைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். மிளகாய் மூட்டை சரிந்து என் மேலேயே கொட்டியது. கூட்டம் ஒரே சிரிப்பு. நீயோ நீட்டிய கையோடு திருதிருவென்று விழித்தாய்.

"ஊசி துள்ளிரும்னு இழுத்துட்டேன்டா" என்றாய். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இழுத்திருக்கிறாய், படுபாவி! கண்ணெரிச்சலில் உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் காகிதம் நாறும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அது நடந்தது. நான் பாட, நீ இழுப்பாய். தோட்டத்து ஆட்களுக்கு அது ஒரு கூத்தாகிவிட்டது. "இழுக்குற அண்ணே வந்திருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். நானும் விழாமலிருக்க மேசையைப் பிடித்துக்கொண்டு பாடப் பழகினேன்.

பிறகு ஒரு வருஷம் வந்தாய். ரோட்டைத் திட்டவில்லை. மாட்டைத் திட்டவில்லை. உள்ளே வந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில், "பாட்டுப் புத்தகம் குடு மாப்ள. முழுக்கப் பாட்டா இருக்கணும்" என்றாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மச்சானுக்குப் புத்தி வந்திருச்சு!" என்று உன் முதுகில் தட்டினேன். நீயும் சிரித்தாய். இருந்ததில் நல்லதாக, நீ கொழும்பில் பிடித்த பாட்டுகள் நிறைய வருகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாவல்களில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக நீயே பிடுங்கினாய். துருப்பிடித்துச் சில வர மறுத்தன, பல்லால் கடித்து இழுத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு பாடினேன். உச்சி வந்தது. கை வரவில்லை. விளையாடுகிறாய் என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். தொண்டை கிழிகிற மாதிரி ஏற்றினேன். கூட்டம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பினேன். நீ மடியில் புத்தகத்தோடு, தெருவில் போகிற ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடையைச் சாத்திவிட்டு உன் எதிரே வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. "காதுல சீழ் வடிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரில கழுவிக் கழுவிப் பாத்தாக. போயிருச்சுப்பா. ரெண்டும் போயிருச்சு." துரை வேறு ஆளை வைத்துக்கொண்டார் என்றும் சொன்னாய். அப்போதும் கத்தித்தான் சொன்னாய். தட்டு சுற்றும்போது ஊரையெல்லாம் மூச்சு விடாதே என்று அடக்கியவன் நீ.

நான் அழுதேன். நீ அழவில்லை. புத்தகத்தைத் தட்டிக் காட்டினாய். "இதப் படிச்சா மண்டைக்குள்ள கேக்குது மாப்ள. பாடுனவுக கொரலே கேக்குது. அது போதும்."

அந்தச் சில மாதங்கள் நீ என்னோடுதான் இருந்தாய். வியாபாரத்துக்கு நடுவே உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாசிக்க வாசிக்க உன் வலது கை மேலெழும்பி, முன்னால் இல்லாத ஒரு தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். வாடிக்கையாளர்கள் பயந்தார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்த்தால்தான் சோறு இறங்கும். உள்ளே இன்னும் பாட்டு ஓடுகிறது என்று தெரிந்துகொள்வேன். சென்னைக்கு எழுதி எழுதிப் பாட்டுப் புத்தகம் தருவித்தேன். நீ தட்டில் பிடித்த பாட்டு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

ஐப்பசி மழையில் கை எழும்புவது குறைந்தது. உச்சி வருகிற இடம் எனக்கு மனப்பாடம். பக்கம் புரளும், அந்த இடம் வரும், போகும். கை பக்கத்தின் மேலேயே கிடக்கும். கேட்டுவிடவும் பயம். ஒருநாள் நீயே புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினாய்.

"உள்ளயும் நின்னு போச்சு மாப்ள. எழுத்துதான் தெரியிது."

நான் வேறு புத்தகம் எடுக்க எழுந்தேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய்.

அதற்குப் பிறகு மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற வேலை இருக்கிறது என்று கிளம்பினாய். தராசு முள்ளைப் பார்க்கக் காது எதற்கு என்றாய். போகாதே என்று வழிமறித்தேன், சண்டை போட்டேன், கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது மட்டும் உனக்கு நன்றாகவே கேட்டது, எனக்குத் தெரியும்.

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ரோட்டில், அந்த மழையில், என் வண்டி போய்ச் சேர்வதற்குள் உன்னைப் புதைத்துவிட்டிருந்தார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். "கடேசில ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலீங்க. நாங்க பேசினா சிரிப்பாரு, அவ்வளவுதாங்க" என்றார் ஒரு அம்மா. உனக்கென்று எடுத்துப்போயிருந்த புத்தகத்தைத் திருப்பி எடுத்து வந்தேன். பிறகு அதை விற்றும்விட்டேன். வேறு என்ன செய்வேன், சொல்.

நீ தோள் பிடித்த தட்டுகள் ஊரெல்லாம் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கடைக்காரன் கிராமபோன் பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். குரல் ஏறுகிற இடத்தில் சற்றே தள்ளிப் போய்த் திரும்ப வருகிறது. அது உன் கை என்று யாருக்கும் தெரியாது. சொன்னாலும் அவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. எனக்கும் ஆறுதலாக இல்லை. அந்த இடம் வரும்போது எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

இன்று வந்த கட்டில் புதுச் சிந்துப் புத்தகம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு விற்க வேண்டுமே என்று வாசலில் நின்று மெதுவாகப் பாடிப் பார்த்தேன். உச்சி வந்ததும் என் தோள் தானாகப் பின்னால் சாய்ந்தது. இத்தனை வருஷமாகச் சாய்கிறது, நிறுத்த முடியவில்லை. "என்ன மொதலாளி, பேய் கீய் இழுக்குதா?" என்று பாக்கு வாங்க வந்தவர் சிரித்தார்.

இழுக்கவில்லை, மச்சான். மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் இழுக்கவில்லை.