மந்தைவெளி தாண்டிவிட்டதாகச் சொன்ன அப்பாவுக்கு

என் அன்பான, எப்போதும் தாமதமான அப்பா,

அங்கே கடிகாரம் உண்டா? இருந்தால், இந்நேரம் நாலு பேராவது உனக்காக வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

உன் முதலாண்டு நினைவுத் திருப்பலி நேற்று முடிந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டையால் நம் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. உன் படத்துக்குக் கீழே போட பெரியப்பா ஒரு வரி எழுதி வந்தார்: "பொய்யே அறியாதவர்."

"பெரியப்பா, இது எட்டாம் கட்டளைக்கு விரோதம். பொய்ச்சாட்சி" என்றேன்.

"இன்னாடி, பெத்த அப்பனையே பொய்யன்னு சொல்றியா?"

வேறு என்ன சொல்வது? ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மட்டும் பேசச் சொன்ன இயேசுவைப் பற்றி ஒலிபெருக்கியே தேவையில்லாத குரலில் நம் மயிலாப்பூர் கோவிலில் பேசியவன் நீ. நீ பேசவிருந்த அன்று காலை, எங்கே என்று கேட்டு ஃபாதர் போன் செய்தபோது நீ இருந்தது அடையாரில், நம் குளியலறையில். முகமெல்லாம் சோப்பு நுரை. "மந்தைவெளி தாண்டிட்டேன் ஃபாதர்" என்றாய், ஏதோ அடுத்த நிறுத்தமே கோவில் என்பதுபோல்.

இதைப் பெரியப்பாவுக்கு நினைவூட்டியதும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அவர் மந்தைவெளின்னா, இன்னும் சட்டையே மாட்டலைன்னு அர்த்தம்."

நான் விடவில்லை. பைபிளில் வரும் அனனியா, சப்பிரா கதையை எடுத்தேன். நிலம் விற்ற விஷயத்தில் பேதுருவிடம் பொய் சொன்ன கணவனும் மனைவியும் அடுத்தடுத்து விழுந்து செத்துப்போனார்கள். நாம் அச்சடிப்பதோ முந்நூறு அட்டை. "நம்மள்ல யார் முதல்ல விழறது பெரியப்பா?"

"செத்தவனைப் பத்தி நல்லதா ஒரு வரி போட்டா சாமி கோச்சிக்குமா?" என்றார். ஆனாலும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீயே எழுது, வேத பண்டிதரே!"

எழுதினேன்: "தாமதமாக வந்தாலும், வராமல் இருந்ததில்லை." பெரியப்பாவுக்கே பிடித்துவிட்டது. அம்மாதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவை வரலியே" என்றாள்.

எனக்கும் அது தெரியும் அப்பா. தெரிந்தேதான் எழுதினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக நீ பேசியது என்னிடம்தானே? "வந்துக்கினே இருக்கேன்டா கண்ணு, மந்தைவெளி தாண்டிட்டேன்" என்றாய். உனக்குப் பின்னால் ஏதோ மெஷின் பீப், பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. "சரிப்பா, தோசை ஊத்தச் சொல்றேன்" என்றேன். நான் நம்பவில்லை. நம்பியதுபோல் பேசினேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில், நான் செய்த பாவமாகவே ஃபாதரிடம் சொன்னேன். ஃபாதர் வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்; பரிகாரமாகச் செபம் கொடுக்கவே மறந்துவிட்டார். உன் பொய்யைப் பற்றி அங்கே மேலே கேட்டார்களா? நீ என்ன சொன்னாய்?

கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து, பொய் கலக்காமல் ஒன்று எழுதினோம்: "சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராதவர். இன்னும் காத்திருக்கிறோம்."

நேற்று ஃபாதர் அதைப் பீடத்தில் நின்று வாசித்துவிட்டு, "எனக்கு மட்டும் எத்தனை மந்தைவெளி!" என்றார். கோவிலே சிரித்தது. அம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த அட்டைகளெல்லாம் தரையில் சரிந்தன. பொறுக்குகிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். அது சாக்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அது பொய்யாகாது என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் அப்பா. காலில் செருப்பு மாட்டாமல் "கிளம்பிட்டேன்" என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடமும்தான். ஒருநாள் நான் அங்கே வருவேன். அதுவரை உன் மகள் எங்கே என்று யார் கேட்டாலும், தயவுசெய்து மந்தைவெளி என்று சொல்லாதே. உண்மையைச் சொல்: அவள் இன்னும் கிளம்பவே இல்லை, பத்தாம் வகுப்புப் பரீட்சை இருக்கிறது.

தோசையோடு காத்திருந்த உன் மகள்,
அமலி