ரோஸ் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்

என் ஆசை அப்பா,

உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு எழுதுகிறேன். நீங்கள் கண்மூடிய பிறகு அம்மா தனியாக இருந்த நம் ரிங்லெட் வீடு விலைபோய்விட்டது. இந்த மலைக் குளிர் அம்மாவின் முழங்காலுக்கு ஆகவில்லை. ஈப்போவுக்கு என்னோடு அழைத்துப் போகிறேன். அதற்கு நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். கோபப்பட வேறொன்று இருக்கிறது.

வெளியே இப்படி இருந்தால் வாங்க வருகிறவர்கள் காரைவிட்டே இறங்க மாட்டார்கள் என்றார் வீட்டு ஏஜென்ட். ஒருவர் உண்மையிலேயே இறங்காமல் போனார். எல்லாம் உங்கள் ரோஸ் நிறத்தால்தான். எனக்கும் அதன்மேல் பழைய பகை உண்டு. நீங்கள் பூசிய வருஷம் பள்ளித் தோழிகள் பஞ்சுமிட்டாய் வீடு என்று சிரித்தார்கள். நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. ஏன் இந்த நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

கேட்டில் துருவைச் சுரண்டினேன், வேலிச் செடிகளை வெட்டினேன். சுவரில் மேலே வெள்ளை, பாசி தெரியாமலிருக்கக் கீழே முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. சாயம் காய்வதற்குள் ஒரு குடும்பம் வந்து, பிடித்துப்போய், கையெழுத்தும் போட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு, முழங்கால் வைத்தியத்துக்குச் சேர்த்திருந்த அம்மாவைத் தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தேன். கேட்டருகிலேயே நின்றுவிட்டாள்.

“என்னம்மா, மறுபடியும் லயத்துக்கே கூட்டியாந்துட்ட?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் தோட்டத்தில் வேலைபார்த்தபோது நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்க இதே மேல்வெள்ளை, கீழ்க்கறுப்பு. தீபாவளிக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் வரிசையாக அடித்துக்கொண்டு போவார்கள். என்ன நிறம் வேண்டுமென்று யாரும் உங்களைக் கேட்டதில்லை. சொந்த வீடு வந்த பிறகு, கடைக்குப் போய் நீங்களாகக் கேட்டு வாங்கியது அந்த ரோஸ். பெற்ற மகளே அதை அழித்துவிட்டேன். அறிவு கெட்டவள் நான், அப்பா.

அம்மாவிடம் அழுதேன்.

“எனக்கும் அந்த ரோஸ் புடிக்காதுதான் லா,” என்றாள். “அவரு ஆசையா பூசுனாரு. சும்மா இருந்துட்டேன்.”

திருப்பிப் பூசலாமென்றால், வாங்கியவர்களுக்குப் பிடித்ததே வெள்ளைதான். அடுத்த வாரம் சாவியைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இனி நான் என்ன செய்ய முடியும்?

ஈப்போவில் அம்மாவின் அறைக்கு இளநீலம் பூசச் சொல்லி ஆள்கூடப் பேசியிருந்தேன். நேற்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலில் அவளைக் கடைக்கு அழைத்துப் போவேன். இத்தனை வருஷத்தில் அவளையும் யாரும் கேட்டதில்லை, நீங்களும்கூட. அவள் எந்த நிறத்தைக் காட்டினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களிடம் கேட்கத் தவறிய
மூத்த மகள்,
செல்வி