ஐந்து இடத்தில் ஒன்று

இல்ஃபோர்ட்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் துஷ்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அமெரிக்காவில் நீயும் மருமகனும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். உங்கள் மாநிலத்துப் பிரைமரி தேர்தல் முடிவைப் புதன் காலையில் வந்து சொன்னவர் பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தன். கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்கிற அந்தத் தேர்தலில் நீ ஆதரித்து வேலை செய்த பெண்மணிக்கு மாநிலம் முழுக்கப் பதினான்கு வீதம்தானாம், பதினைந்துக்குக் குறைந்தால் கட்சி மாநாட்டுக்கு அனுப்ப ஒரு பேராளரும் கிடையாதாம். "துஷ்யா மாநாட்டுக்குப் போக ஏலாது, அண்ணை" என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். அம்மா அழுதார். நீ சாப்பிடாமல் இருப்பாய் என்று தானும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அங்கே நீ நித்திரை கொள்ளும் நேரம், எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன்.

பிறகு கம்ப்யூட்டரில் நானே பார்த்தேன். மாநிலம் முழுவதற்கும் சில இடங்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகச் சில இடங்கள், அந்தப் பதினைந்து வீதத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள், சச்சிதானந்தன் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். உன் தொகுதியில் அந்தப் பெண்மணிக்குப் பதினைந்து தசம் மூன்று. அங்குள்ள ஐந்து இடத்தையும் பங்கிட்டால் முதல் ஆளுக்கு இரண்டு, இரண்டாம் ஆளுக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. காஸ் பில் வந்த உறையின் பின்பக்கத்தில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் ஒன்றுதான் வந்தது. ஐம்பத்தொரு வீதம் எடுத்தவருக்கும் முப்பத்துநாலுகூட எடுக்காதவருக்கும் ஒரே அளவா, இது நியாயமா என்று, பிறகு நான் காட்டியபோது சச்சிதானந்தன் கேட்டார். எனக்கு அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த பக்கத்தில் பேராளர் பட்டியல், அதில் அந்த ஒரு இடத்துக்குப் போகிற ஆளின் பெயர், துஷ்யா கிருஷ்ணராசா. கண்டதும் முதலில் வந்தது பயம். தொண்ணூறில், ஊரில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், என் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறதென்று கேள்விப்பட்டுத்தான் அன்றிரவே நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன், அதன்பிறகு பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இது சனம் வோட்டுப் போட்டு வந்த பேர்" என்றார்.

வெல்லாத ஆளுக்காக நல்ல வேலையை விட்டுவிட்டுக் கதவு தட்டித் திரிகிறாய் என்று தை மாதம் உன்னைக் கடுமையாகப் பேசினேன். அதன்பின் நீ என்னோடு கதைக்கவில்லை, அதில் உன்னில் பிழையில்லை. அவர் வெல்லமாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கதவைப் பற்றிச் சொன்னது பிழை. நீ தட்டிய கதவுகளில்தான் அந்தத் தசம் மூன்று இருந்திருக்கும்.

மாநாட்டு மண்டபத்தில் ஏசி கடும் குளிராயிருக்குமாம், சுவெட்டர் கொண்டு போ. மருமகனுக்கும் சொல்லு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டும். ஞாயிறு போன் எடுக்கும்போது அம்மாவோடு கதைத்து முடிந்ததும் வைத்துவிடாதே, நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் அப்பா
கிருஷ்ணராசா