போனக்காட்டில் வழி தவறியது யார்

மக்கா, ஞாயிறு பரேடுக்கு பெல்ட் எடுக்க இன்று காலை பள்ளிக்கூடத்து இரும்பு அலமாரியைத் திறந்தேன். அடியில் உன் திசைகாட்டி கிடந்தது, நீ கட்டிய சிவப்பு நாடாவோடு. எடுத்த கை கூசியது.

நம் பள்ளிக்கூடத்து கேடட்டுகளுக்கு நாம் இருவரும்தானே பயிற்சியாளர்கள். செய், திரும்பிப் பார், ஏன் என்று கேள், மறுபடி செய். இந்தச் சுழற்சியை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு மனப்பாடம் பண்ண வைத்தேன். கணக்கு வாத்தியார் புத்தி, வேறென்ன! நீயோ பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, உன் தப்பை முதலில் சொல்வாய். "சாரு வாயத் தொறந்தாத்தான் பிள்ளைகளும் தொறக்கும், கேட்டியா?" என்பாய்.

போன வருஷம் போனக்காட்டு மலைநடையில் ஒரு குழுவை நான் கூட்டிப் போனேன். தேயிலைக்கு நடுவே பாதை பிரியும் இடத்தில், திசைகாட்டி வைத்திருந்த தேவிகா, "சாரே, எடத்தோட்டு போணும்" என்று இடப்பக்கம் கை காட்டினாள். "எனக்குத் தெரியும், நட" என்று வலப்பக்கம் இழுத்துப் போனேன். மழையில், அட்டைகள் கடிக்க, இரண்டு மணி நேரம் சுற்றினோம்.

திரும்பி வந்ததும் வட்டம். "குழுவுக்கு ஒரு விசில்கூடக் குடுத்து விடல, என் தப்பு" என்றாய் நீ. அடுத்து என் முறை. "திசை பாத்ததுல கேடட்டுக்குக் கவனம் போதாது" என்றேன். சீ, என்ன மனுஷன் நான்! தேவிகா தலையைக் குனிந்துகொண்டாள். மறுவாரம் திசைகாட்டியை உன்னிடம் நீட்டி, "எனக்கு வேண்டாம் சாரே" என்றாள்.

மற்ற பிள்ளைகள் சொல்லி உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மக்கா. நீயே வட்டத்துல சொல்லிரு" என்றாய். சரி என்றேன். ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு பரீட்சை. அதற்கடுத்த ஞாயிறு உன்னை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுவலியாம். தேவிகா சீருடையில் வந்து சல்யூட் அடித்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். இன்று, திசைகாட்டியும் கையுமாக வட்டத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்: "போனக்காட்டுல தேவிகா சரியாத்தான் சொன்னா. தப்பான வழியில போனது நான். பழிய அவ மேல போட்டதும் நான்."

ஏசுவாள் என்று நினைத்தேன். "இது அந்த சாருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பவே தெரியும்."

"நான் தப்பு பண்ணினேன்னு நெனச்சுக்கிட்டே சார் போயிட்டாருன்னு..." முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எனக்காக நீ வாயை மூடிக்கொண்டாய். அதனால் 'தப்பு உன்னுது இல்ல' என்று உன் வாயால் அவள் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அவளுக்குக் கிடைக்காமலே போயிற்று. திசைகாட்டியை நீட்டினேன், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். என் கை இப்போது வெறுங்கைதான், கூச்சம் மட்டும் போகவில்லை.

மறுபடி செய் என்று சொல்லிக்கொடுத்தோமே. அந்த ஒரு வார்த்தையை நீ அவளிடம் சொல்ல, எந்த ஞாயிற்றுக்கிழமையை நான் திருப்பிக் கொண்டுவருவேன், மக்கா?