பூஜ்யம் சமம் ஐந்து

சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் ரப்பர் வாசனை போகவில்லை. பாறசாலைக் கடையில் நாம் சேர்ந்து வாங்கி, பிளேடால் இரண்டாக வெட்டிக்கொண்ட ஸ்ட்ராபெரி ரப்பர்தான். என் பாதி இப்போது புளியங்கொட்டை அளவு. உன் பாதி தேயவேயில்லை. காய்ச்சலில் நீ போன பிறகு உன் அம்மா அதை என் கையில் தந்தார்கள்.

என் அம்மா புரண்டு படுத்தாள். விளக்கை அணைத்து, மறுபடி போட்டிருக்கிறேன்.

போன வாரக் கணக்குப் பரீட்சையில் 2x + 3y = 7, 4x + 6y = 9 வந்தது. முதலாவதை இரண்டால் பெருக்கிக் கழித்தேன். x போனது, y-யும் போனது. 0 = 5 என்று நின்றது. பயந்து எல்லாவற்றையும் அழித்து, 6-ஐ 5 ஆக்கினேன். x = –4, y = 5 என்று அழகாக வந்தது. பின் பெஞ்சு ஜெசி முதுகில் குத்தினாள். தாளைச் சாய்த்துக் காட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பில் இதே கணக்கு வந்தபோது நீ சிரித்தாய். "எடி, பூஜ்யமும் அஞ்சும் ஒண்ணாவுமா? ரப்பர்லேருந்து கைய எடு மக்கா. ரெண்டு நாலாச்சு, மூணு ஆறாச்சு. ஏழு மட்டும் பதினாலாகல்ல. பிறகு விடை எங்கேருந்து வரும்? இல்லேண்ணு எழுதிட்டு வா."

இன்று டீச்சர் எங்கள் தாள்களைச் சேர்த்துப் பிடித்தார்கள். "கேள்வியில ஆறு. ரெண்டு பேருக்கும் எப்பிடி அஞ்சாச்சு?" என்னைக் காட்டி, "இவ அவசரத்துல மாத்தி எழுதிட்டா. நீ இவளைத் திருட்டுத்தனமா பாத்து எழுதியிருக்கே" என்று ஜெசியிடம் சொன்னார்கள். நாளை அவள் அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வரவேண்டும். நான் என் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நான் அழுவதைப் பார்த்து ஜெசி சொன்னாள்: "கரையாதே பிள்ளே. நீ காட்டினத நான் சொல்லமாட்டேன். எனக்க அம்மைக்கு ஏசிப் பழக்கமாக்கும்."

உண்மையைச் சொன்னால் அப்பாவை அழைப்பார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் இப்போதே காதில் கேட்கிறது. அவள் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா? ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும், எல்லாம் சரியாக வந்துவிடும். அன்றும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் பீரியடுக்கு முன்பே டீச்சரிடம் போகிறேன். 0 = 5 வந்ததையும், அழித்ததையும், காட்டியதையும் சொல்வேன். என் ரப்பரை அலமாரியில் போட்டுவிட்டேன். ஜியாமெட்ரி பெட்டியில் இருப்பது உன் பாதி மட்டும், மூலைகள் இன்னும் கூராக.