நெற்றிக்கும் பாய்க்கும் இடையில் ஒரு விரல்

மச்சான்,

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பன்புல் பாயின் வாசம் என் மூக்கில் ஏறியது. ஈரப் பன்னின் வாசமும், அதற்குள் நாள்பட ஊறிப்போன நோவெண்ணெயின் வாசமும். நேற்று முழுக்க மழை, வீட்டில் எல்லாமே ஈரம் குடித்துக் கிடக்கிறது. ஆனால் வாசம் வந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். நேரம் பார்த்துப் பஸ் எடுத்த ஆள் நான், எதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமென்று நாக்குத் துடிக்கும். கொஞ்சமாவது பொறுக்கப் பழகியது உன்னோடு கிடந்த பிறகுதான்.

பாய் நீ வாங்கித் தந்தது. மெத்தையில் கிடந்தால் முதுகு இன்னும் சோம்பேறியாகிவிடும் என்று சொல்லி, நிந்தவூரில் இழைக்கிற பெண்ணொருத்தியிடம் அளவு கொடுத்து வாங்கி வந்தாய். உன் உயரத்துக்கு அளவு கொடுத்திருக்கிறாய் போல. என் கால் முடிந்த பிறகும் ஒரு சாண் பாய் மிஞ்சும். அந்த ஒரு சாணைப் பார்த்துத்தான் இரண்டு மாரிகாலமாக எழும்புகிறேன்.

முதல் நாள் ஞாபகமிருக்கிறதா? ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிசியோதெரபி அறை. கல்முனைக்கும் பொத்துவிலுக்குமாக இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி, கடைசியில் ஸ்டியரிங்கை விட்டு இறங்க முடியாமல் போய், கிளினிக் கொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நான் வந்திருந்தேன். எல்லாரிலும் கோபம் எனக்கு. பக்கத்து விரிப்பில் சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுத்தே முதுகைத் தின்னக் கொடுத்த நீ. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி, பத்து எண்ணும் வரைக்கும் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுப் பிசியோதெரபி மிஸ் அடுத்தவரிடம் போய்விட்டா. நான் பத்து எண்ணி இறக்கினேன். மறுபடி தூக்கினேன், இறக்கினேன். உன் கால் இன்னும் மேலேயே நின்றது. தொடை நடுங்குகிறது, நெற்றியில் வேர்வை ஓடுகிறது, நீ வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாய். மிஸ் ஓடி வந்து, ஏன் ஐயா இன்னும் இறக்கவில்லை என்று கேட்டா.

“பத்துத்தான் மகள் எண்ணுறன். இன்னும் ஆறுதான் ஆகிரிக்கி.”

நீ ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. தஸ்பீஹ் ஓதுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ்வை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். என்ன எண்ணினாலும் அப்படியே எண்ணிப் பழகிய ஆள் நீ, வேறு மாதிரி எண்ணத் தெரியவில்லை. மிஸ் முஸ்லிம் இல்லை, தமிழ்ப் பெண். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. உங்கட எண்ணிக்கையில் நாலோடு நிப்பாட்டுங்கள் என்று கொப்பியில் எழுதியும் தந்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது முதுகு பிடித்தது. அது பிடித்த பிறகும் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன் மச்சான்.

படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஊர் வேறு மாதிரித் தெரியும். அந்த அறையின் கூரையில் ஓர் ஈரக்கறை இருந்தது. எனக்கு அது பஸ், உனக்கு அது கணவாய் மீன். மின்விசிறி மெல்லச் சுற்றும், ஜன்னலால் கடலின் இரைச்சல் வந்து போகும், நாம் இரண்டு பேரும் கறையைப் பார்த்துக்கொண்டு கனவுகளைக் கதைப்போம். நீ வலை இழுக்கிற கனவு. வலை மடி கனக்கக் கனக்க நீ பின்னுக்கு நடந்துகொண்டே இருப்பாய், கரை முடியாது. என்னுடையது ஒரே கனவுதான். பள்ளிவாசலில் நிற்கிறேன், உட்காரக் கதிரை இல்லை, இமாம் தக்பீர் சொல்கிறார், நான் பாட்டுக்கு நிலத்தில் நெற்றி வைக்கச் சுஜூதுக்குப் போகிறேன். நெற்றியில் பாயின் குளிர்ச்சி படுகிறது. அங்கேயே விழித்துவிடுவேன். உனக்கு இதைச் சொன்ன அன்று நீ கறையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாய்.

“கனவுல எனக்கு நோவே இல்ல மச்சான். முழிச்சாத்தான் முதுகு வருது,” என்றாய்.

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பஸ் போனது போகட்டும், பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலையாவது தந்தார்கள். ஆனால் வரிசையின் ஓரத்தில் கதிரையில் குந்திக்கொண்டு, எல்லாரும் நிலத்தில் நெற்றி வைக்கும்போது நான் மட்டும் தலையைச் சாய்த்துச் சைகை காட்டுவது என்னைத் தின்றது. அந்த நேரத்தில் பள்ளி முழுக்க முதுகுகள் மட்டும் தெரியும். அதற்கு மேலே என் தலை. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு, குற்றமில்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். குற்றம் என்று நான் சொன்னேனா? ஆசை என்றுதானே சொன்னேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று மிஸ் ஒரு நாள் ஆறுதல் சொன்னா. நீதான் எனக்காகப் பதில் சொன்னாய்: “பூமிய ஆளத் தேவல்ல மகள். இவர்ர நெத்தி அதுல பட்டாக் காணும்.”

அன்றிலிருந்து அது உன் வேலையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கு வருவாய். நான் முட்டுக்கால் போட்டு, கை ஊன்றி, மிஸ் காட்டித் தந்தபடி மெல்ல இறங்குவேன். நோ தடுக்கிற இடத்தில் நிற்பேன். நீ கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு என் நெற்றிக்கும் பாய்க்கும் நடுவில் விரல்களை அடுக்கி அளப்பாய். தொடங்கும்போது ஒரு முழம். பிறகு பன்னிரண்டு விரல், பதினொன்று, மறுபடி பன்னிரண்டு. கயிறு இழுத்துத் தடித்த விரல்கள் உனக்கு, உன் கணக்கில் எனக்கு எப்போதும் இரண்டு விரல் லாபம். என் பெண்சாதி பிளேன்டீயோடு வந்து நின்று, மீன் அளக்கிற மாதிரி ஆளை அளக்கிறீர்களே என்று பகிடி பண்ணுவாள். ஒரு மாதம் முழுக்க ஒரு விரல்கூட அசையாவிட்டால் நான் எரிந்து விழுவேன். நீ அசரவே மாட்டாய். “பஸ்ஸுக்குத்தான் நேரம் மச்சான். முதுகுக்கு நேரமில்ல” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பாய்.

அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. நோன்புப் பெருநாள் வந்தது. கடற்கரைத் திடலில் தொழுகை. விரல் கணக்கு ஏழுக்கு வந்திருந்த நேரம். புது உடுப்பும் அத்தர் மணமும் காலை வெயிலுமாக ஊரே கூடி நிற்கிறது. நம் இருவருக்கும் வரிசையின் ஓரத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். எனக்கு என்ன பிடித்ததோ, நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நீ கையைப் பிடித்தாய், உதறினேன். சுஜூதுக்குப் போனேன். போனேன்தான். முதுகில் ஏதோ வெட்டி இழுத்தது, அடுத்த கணம் நெற்றி மணலில் குத்தி நின்றது. எழும்ப முடியவில்லை.

தொழுகை முடிந்தது, குத்பாப் பிரசங்கமும் முடிந்தது. நான் அப்படியே கிடந்தேன். மூச்சு விட்டாலும் நோ. சுற்றிலும் ஆட்கள் கட்டித் தழுவுகிற சத்தம், சின்னப் பிள்ளைகளின் புதுச் செருப்புச் சத்தம். என்னிடம் வருகிற கால்கள் மணலில் தெரிந்தன. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே உன் குரல் கேட்டது.

“அவர் துஆவுல இரிக்கார். நீட்டுத் துஆ. கரைச்சல் குடுக்காதீங்க.”

நான் பிரார்த்தனையில் இருக்கிறேன் என்று நம்பிக் கால்கள் மரியாதையாக விலகிப் போயின. ஒருவர் மாஷா அல்லாஹ் என்றுகூடச் சொன்னார். பெருநாள் நாளில் திடலில் நின்று நீ சொன்ன பொய்! கூட்டம் கலையும் வரைக்கும் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப்போட்டுக் காவல் இருந்தாய். பிறகு உன்னோடு வலைக்குப் போகிற மூன்று பேரைக் கூப்பிட்டாய். கரையில் வள்ளத்தைப் புரட்டுகிற மாதிரி மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து என்னை எடுத்தார்கள். நான் அழுதேன். நீ என் நெற்றி மண்ணைத் துடைக்கவில்லை. கிடக்கட்டும், பட்டுவிட்டதுதானே என்றாய்.

ஆறு மாத வேலை ஒரே சுஜூதில் போனது. மறுபடி ஒரு முழம். மிஸ் என்னைப் பேசின பேச்சு அறை முழுக்கக் கேட்டது, நீ கூரையின் கணவாயைப் பார்த்துக்கொண்டு எதுவும் தெரியாத மாதிரிக் கிடந்தாய். ஊரில் வேறு கதை. நீட்டுத் துஆக் கேட்கிற ஆள் என்று பெயர் பரவி, மகளுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும், கொஞ்சம் கேளுங்கள் என்று ஸ்டாண்டிலேயே வந்து நிற்பார்கள். எல்லாம் உன் புண்ணியம்.

அதற்குப் பிறகுதான் போத்தல் பழக்கம். நிலத்திலிருந்து ஒன்றை எடுப்பதென்றால் இடுப்பை வளைக்காமல், ஒரு முட்டுக்காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி இறங்கி எடுக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தா. நீ ஒரு போத்தலில் கடல் மணலை நிரப்பிக்கொண்டு வந்தாய். அந்தியில் கரையோரம் நான் அதை வைத்து எடுத்து, வைத்து எடுத்து. அலைகளுக்கு நடுவில் உன் சுப்ஹானல்லாஹ் நீண்டு நீண்டு கேட்கும். அந்த நாட்கள் உண்மையாகவே நடந்தனவா என்று இப்போது சில வேளை சந்தேகமாக இருக்கிறது. எல்லாம் மெதுவாக நடந்ததால் கனவாகிவிட்டது போல.

பிறகு ஒரு காலையில் உனக்கு நெஞ்சு நொந்தது. முதுகைத்தான் நாம் இருவரும் காவல் காத்துக்கொண்டிருந்தோம், நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே பள்ளி ஒலிபெருக்கியில் மரண அறிவித்தலாக உன் பேர் போனது.

ஜனாஸாத் தொழுகைக்கு மோதினார் பழக்கத்தில் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். அந்தத் தொழுகையில் குனிகிற ருகூவும் இல்லை, சுஜூதும் இல்லை. நின்றால் போதும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எல்லாரையும் போல, கதிரை இல்லாமல் நான் தொழுது முடித்த தொழுகை உன் தொழுகைதான் மச்சான்.

உன்னைத் தூக்க என்னால் முடியவில்லை. ஊரே மாறி மாறித் தோள் கொடுத்துச் சந்தூக்கைக் கொண்டு போனது, நான் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தேன். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மையவாடியில் மூன்று பிடி மண் போடுகிற நேரம். யாரோ ஒருவர், நீங்கள் குனிய வேண்டாம் என்று மண்ணை அள்ளி என் கையில் தர வந்தார். அவரைத் தள்ளிவிட்டேன். இடது முட்டுக்காலை ஊன்றினேன், நெஞ்சை நிமிர்த்தினேன், இறங்கினேன். நீ மணல் போத்தலை வைத்துப் பழக்கின அதே மாதிரி. ஒரு பிடி. எழும்பினேன். மறுபடி இறங்கினேன். மூன்றாவது பிடியோடு யாருடைய கையும் பிடிக்காமல் எழும்பி நின்றபோது முதுகில் நோ இல்லை.

நான் சந்தோஷப்பட்டேன். உன் கபுறடியில் நின்றுகொண்டு, சுற்றி நின்ற எல்லாரும் அழும்போது, இந்தப் பாவி சந்தோஷப்பட்டான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விளங்கக்கூடிய ஒரே ஆள் நீ, மண்ணுக்குள் இருந்தாய்.

இப்போது வாசத்தின் கதை. மல்லாந்து கிடக்கும்போது பாயின் வாசம் வராது. முகம் கிட்டப் போனால்தான் வரும். இன்று சுபஹுக்குப் பிறகு முட்டுக்கால் போட்டு இறங்கினேன். நோ தடுக்கவில்லை. இன்னும் இறங்கினேன். மூக்கில் பன் வாசம். கையை மெல்ல நுழைத்து அளந்து பார்த்தேன். ஒரு விரல் போனது, இரண்டாவது விரல் போகவில்லை. என் விரல். உன் விரலென்றால் போயிருக்காது, பட்டுவிட்டது என்று சத்தம் போட்டிருப்பாய்.

ஒரு அழுத்து அழுத்தினால் பட்டிருக்கும். அழுத்தவில்லை. அங்கேயே நின்று உன் எண்ணிக்கையில் நாலு எண்ணினேன், இழுத்து இழுத்து. பிறகு கை ஊன்றி எழும்பி, பாயை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். நாளைக்கும் இறங்குவேன். ஒரு விரலுக்கு ஒரு மாதமோ ஒரு வருஷமோ, நேரம் குறிக்கப் போவதில்லை.

நெற்றி படுகிற அன்று நான் எழும்பச் சுணங்குவேன் மச்சான். ஆட்கள் வந்து பார்த்தால் முதுகு பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்து சொல்ல நீ இல்லை. அன்று நான் துஆவில்தான் இருப்பேன். நீட்டுத் துஆ, உனக்கு.