தலைமுடி விஷயமாகத் தங்கைக்கு

சுருளி,

நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் ஸ்கூலுக்குக் கிளம்பிடுவேன். முதல் பீரியடே பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி லேப் எடுக்கணும். முட்டையும் ரொட்டியும் மூடி வச்சிருக்கேன். சாவியை மாடிவீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு இன்டர்வியூக்குப் போ.

"இந்தப் பரட்டைத் தலையோட இன்டர்வியூ போனா எவன்டி வேலை குடுப்பான்?"னு நான் நேத்து கேட்டது உனக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும். கேட்டதோட விடாம, முடியை நேராக்க ஸ்ட்ரெய்ட்னரும் போட்டுவிட்டேன். அதைப் பத்தி எழுத இப்ப நேரமில்ல.

ஒண்ணு மட்டும், குளிக்கறப்போ நீ தலையை நனைச்சிருக்கக் கூடாது. முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூடு அவிழ்த்துவிடும். நேரா இழுத்துப் பிடிச்சு ஆறவிட்டா நேராவே மறுபடி கட்டிக்கும். லேசான கட்டுதான். தண்ணி பட்டா விட்டுடும், காய்ஞ்சா பழையபடி உன் சுருள்தான்.

பி.கு.: உள்ள மொண்டு மொண்டு தலைக்கு ஊத்தற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. ஷாம்பு வாசனையும் வருது. சரி.

(இடமில்ல, ஓரத்துல எழுதறேன்.) ஈரத்தலையோட வெளிய போகாதே, சளி பிடிக்கும். அகலப் பல் சீப்பு என் பையில கிடந்தது. கண்ணாடிகிட்ட வச்சிட்டேன். சுருளோடவே போ.

அக்கா